பியானோவுக்குப் பக்கத்து மேசை

மயில்சாமிக்கு அந்தச் சேரு ஒத்தே வரலீங்க. உக்காந்தா இடுப்பு வரைக்கும் உள்ள இழுத்துக்குது. முன்னால ஒரு சின்ன மேசை, அது மேல ‘ரிசர்வ்டு’ன்னு ஒரு அட்டை, ஒரு லைம் சோடா. நாலடி தள்ளிக் கறுப்பா, பளபளன்னு ஒரு பியானோ. அதை வாசிக்கறது அவரு மக மெர்சி.

அவினாசி ரோட்டுல பெரிய ஓட்டல் ஒண்ணு, அதுல எட்டாவது மாடியில இருக்குது அந்த பாரு. ஆறு மாசமா வெள்ளி, சனி ராத்திரி மெர்சி அங்க வாசிக்கறா. சர்ச்சு கீபோர்டுல பழகின கை. இந்த ஆறு மாசமும் கருமத்தம்பட்டியில யாரு கேட்டாலும், “பொண்ணு கம்பெனியில இருக்கறாளுங்க, ஷிப்ட்டுங்க”ன்னே மயில்சாமி சொல்லிட்டிருந்தாரு. குடிக்கற எடத்துல மக வாசிக்கறான்னு எந்த வாயால சொல்லுவாரு? பாஸ்டர் காதுக்குப் போனா என்ன ஆகறது? இத்தனைக்கும் நாலு வருசத்துக்கு முந்தி வரைக்கும் பிராந்திக்கடை வாசல்லயே கெடந்த மனுசன். அதெல்லாம் வெக்கமில்லையாம், இதுதான் வெக்கமாம்!

மெர்சிக்கு அது தெரியும். தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்னிக்கு அவளுக்கு இருபத்தஞ்சாவது பொறந்தநாளு. காத்தால காப்பியைக் கையில குடுத்துட்டுச் சொன்னா: “அப்பா, எனக்குச் சுடிதாரு கிடிதாரு ஒண்ணும் வேண்டாங்க. ராத்திரி வந்து முன்னால மேசையில உக்காந்து நான் வாசிக்கறதைக் கேளுங்க. முடிக்கற வரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருந்தாப் போதும்.”

“அதென்ன அம்மணி பெரிய காரியம்”னு சொல்லிப்போட்டாரு.

வந்துட்டாரு. புதுப் பேண்ட்டு, உள்ள செருகின சட்டை. மொத அரை மணி நேரம் தலையை நிமித்தாமத்தான் உக்காந்திருந்தாரு. ஆனா சுத்தியும் சிரிச்சுப் பேசறவங்க யாரும் இவரைத் திரும்பிக்கூடப் பாக்கலை. அப்பறம் மெல்ல மெல்லப் பாட்டு காதுல ஏற ஆரம்பிச்சுது. மகளோட ரெண்டு கையும் அந்தக் கட்டைங்க மேல ஓடறதைப் பாத்தாரு. அட, இது நம்ம புள்ளையா! பக்கத்து மேசையில ஒரு அம்மா கண்ணை மூடிக் கேட்டுட்டிருந்துச்சு. “அது என்ற மகளுங்க”ன்னு அந்தம்மாகிட்டச் சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கூச்சப்பட்டுட்டு ஒரு வாய் சோடாவைக் குடிச்சாரு.

அப்பத்தான் கதவைத் தள்ளிட்டு கிருபாசங்கர் உள்ள வந்தாரு, ரெண்டு வடக்கத்தி ஆளுங்களோட.

கிருபாசங்கர் யாருன்னா, நஞ்சுண்டன் பையன். நஞ்சுண்டன் தோட்டத்துல மயில்சாமி பதினெட்டு வருசம் வேலைக்கு இருந்தவரு. மயில்சாமியோட அப்பனும் அங்கதான் வேலைக்கு இருந்தாரு. தோட்டம் போயி தறி வந்து, தறி போயி இப்ப அவங்களுக்கு ஸ்பின்னிங் மில்லு. மயில்சாமி அந்த வாசலை மிதிச்சுப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. காளப்பட்டியில ஒரு அப்பார்ட்மெண்ட்டுல செக்யூரிட்டி வேலை. அவங்க சொல்லி இவரு கேக்கவேண்டியது ஒண்ணுமே இல்லை.

அப்படியிருக்க என்ன பண்ணினாரு தெரியுங்களா? எந்திரிச்சு நின்னுட்டாரு. அந்தப் பஞ்சுச் சேருல இருந்து எப்படித்தான் எந்திரிச்சாரோ! தோள்ல துண்டுகூட இல்லை. இல்லாத துண்டை எடுக்கறதுக்குக் கை மட்டும் தோளுக்குப் போச்சு.

கிருபாசங்கர் பாத்துட்டு, சிரிச்சுட்டே வந்தாரு. “அட, மயில்சாமிங்களா! ஏனுங்க, நீங்க எங்க இங்க?” நல்ல மனுசந்தாங்க, அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

“இங்கதானுங்க வேலை, சின்னவரே.”

ஏன் அப்படிச் சொன்னாரு? ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். மக வாசிக்கறதைக் கேக்க வந்தேன்னு சொல்ல நாக்குப் பொரளலை. அவரு முன்னால, இந்த மாதிரி எடத்துல, சேருல சாஞ்சு உக்காந்திருந்தேன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. வேலைக்கு வந்தேன்னு சொல்றது லேசா இருந்துச்சு, சொல்லிப்போட்டாரு.

“எடமே இல்லை போலிருக்குதே”ன்னு கிருபாசங்கர் சுத்தியும் பாத்தாரு.

“இங்க உக்காருங்க சின்னவரே”ன்னு மயில்சாமி சோடா கிளாஸைக் கையில எடுத்துக்கிட்டாரு.

“ரிசர்வ்டுன்னு போட்டிருக்குதுங்களே?”

“அவங்க வரலீங்க”ன்னு அந்த அட்டையை எடுத்துப் பாக்கெட்டுல செருகிக்கிட்டாரு.

ஒருக்கா வேண்டாம்னாரு கிருபாசங்கர். ரெண்டாவது தடவை சொன்னப்ப உக்காந்துட்டாரு.

மெர்சிக்கு இது ஒண்ணும் தெரியாது. வெளக்கு அவ தலைக்கு மேல மட்டுந்தான், கண்ணு கட்டைங்க மேல, மேசைப் பக்கமெல்லாம் அரையிருட்டு. மயில்சாமி செவுத்தோரமாப் போயி நின்னாரு, அங்கிருந்தாவது கேக்கலாமேன்னு. ரெண்டு நிமிசம் ஆகலை, கிருபாசங்கர் கையைத் தூக்கினாரு. “மயில்சாமி, கொஞ்சம் ஐஸ் கொண்டாரச் சொல்றீங்களா?” சொல்றதென்ன, இவரே ஓடிப்போயி வாளியோட வாங்கிட்டு வந்துட்டாரு. குடுத்த ஆளு ஒரு மாதிரி பாத்தான். பாத்தாப் பாக்கட்டும்னு வந்துட்டாரு.

வடக்கத்தி ஆள் ஒருத்தர் பியானோப் பக்கம் கையைக் காட்டி இங்கிலீசுல என்னமோ கேட்டாரு.

“பிரமாதமா வாசிக்குதாம், யாரு அந்தப் புள்ளைன்னு கேக்கறாருங்க”ன்னாரு கிருபாசங்கர். மெர்சி பாவாடை கட்டின வயசுல அவளைப் பாத்ததோட சரி அவரு.

மயில்சாமி இடுக்கியால ஐஸை எடுத்துப் போட்டுட்டே, “தெரியலீங்களே”ன்னாரு.

சொன்னப்பறந்தான் ஒறைச்சுது. தூ, நீயெல்லாம் ஒரு அப்பனான்னு மனசுக்குள்ளயே திட்டிக்கிட்டாரு. திட்டி என்ன பண்றது? வாயை விட்டு வந்துருச்சே.

பாட்டு நின்னுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. மெர்சி மைக்கைப் பக்கத்துல இழுத்தா.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. அடுத்தது நானே போட்ட மெட்டு. எங்கப்பாவுக்காகப் போட்டது. எனக்கு ஊட்டுல ஒரு கீபோர்டு வாங்கித் தரோணும்னு, ஒரே நாள்ல குடியை உட்டவருங்க அவரு. மொத மொதலா இன்னிக்கு நான் வாசிக்கறதைக் கேக்க வந்திருக்காரு. இதா, முன்னால மேசையில. அப்பா, கையைத் தூக்குங்க.”

ஓட்டல் மேனேஜர் மிஸ்பாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருப்பா போல, வெளக்கு டக்குனு அந்த மேசை மேல விழுந்துச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்துக் கை தட்டறாங்க. கண்ணு கூச, கிருபாசங்கர் ரெண்டு கையையும் ஆட்டறாரு. “ஐயோ, நானில்லீங்க, நானில்லீங்க!” பாரே சிரிக்குது.

மெர்சி சிரிக்கலை. மேசையைப் பாத்தா. அப்பறம் வெளிச்சத்தோட ஓரத்துல, ஐஸ் வாளியைப் புடிச்சுட்டுக் குனிஞ்சு நிக்கற அப்பனைப் பாத்தா.

மயில்சாமிக்கு நேரம் இருந்துச்சுங்க. இல்லைன்னு சொல்ல முடியாது. வாளியைக் கீழ வெச்சுட்டு, “நாந்தானுங்க”ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஆனா பக்கத்துல சின்னவரு உக்காந்திருக்காரு, வேலைன்னு சொல்லியாச்சு, தெரியாதுன்னும் சொல்லியாச்சு. கை வாளியை இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டுது. தலையைக் கீழ போட்டுக்கிட்டாரு.

மெர்சி மைக்குப் பக்கம் திரும்பினா.

“மன்னிச்சுக்குங்க”ன்னா. கொரலு கொஞ்சங்கூட ஆடலை. “வாரேன்னுதான் சொன்னாருங்க. வரலை போலிருக்குது.”

வெளக்கு அணைஞ்சுது. அவ வாசிக்க ஆரம்பிச்சுட்டா. இத்தனை பேருக்கு முன்னால அப்பனைக் காட்டிக்குடுக்காம உட்டாளே, அதுக்குச் செருப்பைக் கழட்டி அடிச்சிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு மயில்சாமிக்கு. அவருக்காகப் போட்ட மெட்டு அந்த ரூம் பூராவும் ஓடுது, அவரு காதுல ஒண்ணும் ஏறலை. வாளியில இருந்து தண்ணி சொட்டிப் புதுப் பேண்ட்டு நனைஞ்சுது.

கிருபாசங்கர் கிளாஸை எடுத்து வாயில வெக்காம அப்படியே புடிச்சிருந்தாரு. நெசமாவே மனசு கேக்காம மெதுவாச் சொன்னாரு: “பாவமுங்க அந்தப் புள்ள. எத்தனை ஆசையாச் சொல்லுது! பெத்தவன் வரலை பாருங்க. என்ன மனுசனோ!”

“ஆமாங்க சின்னவரே”ன்னாரு மயில்சாமி.