இருநூற்றுப் பன்னிரண்டாம் மரம்

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு, களியக்காவிளைக்குக் கிழக்கே தனக்கிருந்த ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப்பனை நட்டார் ஆனந்தகிருஷ்ணன். பனை காய்ப்புக்கு வந்த பிறகு, குலைகளை வாங்கும் கம்பெனி புதிய ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. ட்ரோன் தோட்டத்துக்கு மேலே பறந்து படம் எடுக்கும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண் போட்டு, குலைகளை எண்ணி, விளைச்சல் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும்.

முதல் அறிக்கையிலேயே 212-ஆம் மரம் மற்ற மரங்களைப் போல நான்கு மடங்கு காய்த்திருந்தது. கம்பெனியின் கள அதிகாரி அனிஷ் அதை நேரில் பார்க்க டேப்லெட்டோடு வந்தான். அது காட்டிய வழியில் ஆனந்தகிருஷ்ணனும் அவனும் நடந்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் மரமே இல்லை. காட்டுப்பன்றி தோண்டிப்போட்ட கன்றின் குழிதான் இருந்தது. அந்தக் குழியருகில், தலையில் குட்டை என்னும் பெரிய கூடை நிறையப் பழுத்த குலைகளோடு, தோட்டத்தில் சுமை தூக்கும் ஸ்மிதா நின்றுகொண்டிருந்தாள். கணவன் எட்சன் அடுத்த குலையை வெட்டும்வரை அவள் அங்கேதான் நிற்பது வழக்கம்.

அனிஷ் டேப்லெட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"சார், இவங்கதான் 212."

"அப்போ அந்த எண்ணை எடுத்துரும்."

"எடுக்க முடியாது சார். மரம் செத்துப்போச்சுன்னு பதியணும். காய்ச்ச மரம் திடீர்னு செத்தா வாடல் நோய்னு காட்டும். சுத்தியிருக்க மரத்தையெல்லாம் வெட்டி எரிக்கச் சொல்லும்."

ஆனந்தகிருஷ்ணன் சுற்றியிருந்த மரங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்மிதாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "ஏட்டி, ட்ரோன் வரும்போதெல்லாம் நீ இங்கேயே நின்னுரு. நகராத, என்ன?"

முதலில் ஸ்மிதாவுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் 212-க்கு நீர் போதவில்லை என்று டேப்லெட் சொன்னபோது ஆனந்தகிருஷ்ணனே இளநீர் வெட்டிக்கொண்டு ஓடிவந்தார். வெயில் அதிகம் என்று சொன்ன அன்று பக்கத்து மரத்து மட்டையைத் தாழ்த்திக் கட்டி நிழல் செய்தார்கள். அவளுக்குச் சளி பிடித்திருந்தபோது, 212 வாட்டமாக இருக்கிறதே என்று தலைமை அலுவலகத்திலிருந்து அனிஷுக்குப் போன் வந்தது.

"எட்சா, கல்யாணம் கழிஞ்ச நாள் முதல், வெள்ளம் குடிச்சியான்னு நீ என்னட்ட ஒருநாள் கேட்டிருக்கியா?" என்றாள் கணவனிடம். எட்சன் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் அவனும் இளநீர் கொண்டுவந்தான். குடித்து முடிக்கும்வரை அவள் அவனை முறைத்துக்கொண்டே இருந்தாள்.

இவ்வளவு காய்க்கிற மரத்தைக் கம்பெனி சும்மா விடுமா? ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து அஸ்வதி என்ற விஞ்ஞானி வந்தாள். உண்மையைச் சொல்ல அனிஷ் இரண்டுமுறை வாயெடுத்தான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இடம் சரியாத்தான் காட்டுது. பதினேழாவது மட்டையில ஒரு துண்டு வேணும்" என்றாள்.

"எனக்கு மட்டை இல்ல டாக்டரே" என்றாள் ஸ்மிதா. "முடி மதியா?"

அஸ்வதி சற்று யோசித்து, பின்னலின் நுனியில் கொஞ்சம் கத்தரித்து உறையில் போட்டு ஒட்டினாள். சில வாரங்களில் ஆய்வு முடிவு வந்தது. போரான் சத்து மட்டும் கொஞ்சம் குறைவு. மற்றபடி தாய்மரமாக இருக்க முழுத் தகுதி உண்டு. வேரோடும் வேர்மண்ணோடும் பெயர்த்து, கம்பெனியின் நாற்றுப்பண்ணைக்குக் கொண்டுசெல்ல உத்தரவாயிற்று.

மரம் தூக்கும் லாரியோடு டிரைவர் முத்துநாயகம் வந்து இறங்கினான்.

"மரம் எங்க?"

அனிஷ் ஸ்மிதாவைக் காட்டினான். முத்துநாயகம் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இதுக்குக் கிரேன் வேண்டாமே. ஏறுங்கக்கா."

ஸ்மிதா ஏறவில்லை. "வேரோடன்னுதான செல்லியிருக்கு? எனக்க வேரு எனக்க மாப்பிளையும் மவளும். ஆடு ரெண்டு உண்டு. அவங்க இல்லாம நான் பட்டுப்போவேன் சாரே."

அனிஷ் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டான். அந்தப் பக்கமிருந்தவர் மிகுந்த அக்கறையோடு, வேர் ஒன்றுகூட அறுந்துவிடக் கூடாது என்றார். எட்சன், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள் ஜின்சி, ஆடுகள், டிவி, அலமாரி, எல்லாம் லாரியில் ஏறின. பாதித் தூரத்தில் ஆடு ஒன்று வழிகாட்டும் தாளைத் தின்றுவிட்டதால், முத்துநாயகம் விசாரித்து விசாரித்துத்தான் வண்டியை ஓட்டினான்.

நாற்றுப்பண்ணையில் அவர்களுக்கு ஓட்டுவீடு ஒன்று கிடைத்தது. தாய்மரத்தைக் காக்க ஒரு காவலாளியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வேண்டும் என்று ஸ்மிதா சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. காய்க்கிற மரத்துக்கு ஓய்வு நல்லது என்று அஸ்வதியே எழுதிக்கொடுத்தாள். தலைச்சுமை இல்லாத அந்த முதல் ஞாயிறு, பழக்கதோஷத்தில் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டே மாதா கோயிலுக்கு நடந்தாள். ஜின்சி கேலி செய்த பிறகுதான் அவளால் தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்க்க முடிந்தது. ரோட்டோரம் முழுக்க மஞ்சள் பூ பூத்திருந்தது.

அன்று மத்தியானம் ஆனந்தகிருஷ்ணன் போன் செய்தார். 212 நின்ற இடம் காலியாகத் தெரிந்தால் வாடல் நோய் என்று காட்டிவிடுமே என்று, இப்போது அவரேதான் அங்கே குட்டையைச் சுமந்து நிற்கிறாராம். பாரம் தாங்காமல் நடுவில் இறக்கி வைத்துவிட்டாராம்.

"ரிப்போர்ட் வந்திருக்கு ஸ்மிதா" என்றார், அழாத குறையாக. "ஆண் பூ மட்டும்தான், காய்க்காதுன்னு போட்டிருக்கான்."

ஸ்மிதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"விசனப்படாதீங்க மொதலாளி. மொத தடவ எல்லாருக்கும் அப்படித்தான். வெள்ளம் நல்லாக் குடிங்க."