செல்லாத கொடை

மழை ஓய்ந்த பிற்பகல். முகிலின் கிழிசல் வழியே கதிரவன் தன் மஞ்சள் ஒளியைக் கசியவிட, அலுவலகங்கள் நெருங்கிய அந்நெடுந்தெருவின் ஈரக் கற்கள் பளபளத்தன. கூரை விளிம்புகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. குடையை மடக்கியவாறும் காலணிச் சேற்றைப் படியில் துடைத்தவாறும் மாந்தர் தத்தம் வீடு நோக்கி விரைந்தனர். அவ்வளவு பேருக்கும் போய்ச்சேர ஓர் இடமும், ஏன் இவ்வளவு பிந்தி வந்தீர் என்று கடிந்துகொள்ள ஒருவரும் இருந்தனர் போலும். தெருக்கோடியில், கீழே அலுவலகமும் மேலே வீடுமாய் நின்ற பழைய கட்டடத்தின் முன்னறையில் மட்டும், நரை கண்ட அம்மையார் ஒருவர் கையில் திறவுகோலோடு தனியே அமர்ந்திருந்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதற்காகவே அவர் வந்திருந்தார்.

கட்டடத்துக்கு உரியவர் மறைந்து ஒரு திங்கள் ஆகியிருந்தது. வரிக்கணக்குப் பார்ப்பதும், ஒருவர் தமக்குப்பின் தம் உடைமை எவரெவரைச் சேரவேண்டும் என வகுத்து எழுதிக்கொடுப்பதும் அவர் தொழில். ஊரார் அவரை உயில்காரர் என்றே அழைத்தனர். வரியைக் குறைக்க வழிகேட்டு வருவோர்க்கு, முறையான வழி இருந்தால் காட்டுவார். இல்லையேல், "கட்டிட்டு நிம்மதியா தூங்குங்க" என்று வாயிலைக் காட்டுவார். தந்தை போனபின் உடன்பிறந்தோர் முகம் பாராமற் போகும் இழிநிலை எவ்வீட்டிலும் வரலாகாதென்று, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து நிறுத்து எழுதுவார். "யாருக்கு எதுன்னு மட்டும் சொல்லுங்க. ஏன்னு சொல்லாதீங்க. அந்த ஏன்லதான் வழக்கே பொறக்குது" என்பது அவர் ஓயாது ஓதிய பாடம். இவ்வாறு ஊரார் குடும்பங்களையெல்லாம் கட்டிக்காத்தவருக்குக் குடும்பமென ஒன்று அமையவில்லை. மாடியில் தாமே ஆக்கி, தாமே உண்டு, ஒற்றைத் தட்டைத் தாமே கழுவிக் கவிழ்த்துவைத்து வாழ்ந்தார்.

திறவுகோலோடு அமர்ந்திருந்தவர் அவருடைய தட்டச்சர். கூந்தல் கருத்திருந்த காலத்தில் வந்தவர், அவரும் தனியர். இருவர் அறைக்கும் இடையே ஒரு கதவு; அது ஒருநாளும் சாத்தப்பட்டதில்லை. நண்பகலில் அப்புறம் அவரும் இப்புறம் இவருமாய் உண்கையில், "மழை வரும்போல இருக்கே" என்பார் அவர். "ஆமா சார்" என்பார் இவர். அத்தனை ஆண்டுப் பேச்சையும் திரட்டினால் இதற்குமேல் அதிகம் தேறாது. கற்றறிந்த பெருமக்களே, இந்த உறவுக்கு என்ன பெயரிடுவீர்கள்? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர்களுக்கும் தோன்றவில்லை என்பதுதான் இக்கதையின் துயரம்.

உயில் எனும் விருப்ப ஆவணம் ஒன்றுக்குச் சான்றாளர் இருவர் வேண்டும். எதிர்க்கடைத் தையற்காரர் ஒருவர்; தட்டச்சர் மற்றவர். கையொப்பமிடும் நாளில் எழுத்துகளின்மேல் தடித்த வெள்ளைத் தாளொன்றை இட்டு மூடி, ஒப்பமிடும் இடத்தை மட்டும் வெளியே விட்டுவைப்பது உயில்காரர் வழக்கம். சான்றாளர் பார்க்கவேண்டியது ஒப்பத்தை, உள்ளே இருப்பதை அன்று என்பார். அழைத்து அழைத்து, அம்மையாருக்குச் சாட்சியம்மா என்பதே பெயராகிவிட்டது. இன்னொன்றும் உயில்காரர் வருவோர்க்கெல்லாம் தவறாமல் உரைப்பார்: ஆவணத்தால் பயன்பெறுபவர் அதற்குச் சான்றாளராகலாகாது; அப்படி ஆகிவிட்டால், ஆவணம் நிற்கும், அவருக்குரிய கொடை மட்டும் செல்லாது போகும். அந்நாட்டுச் சட்டம் அது. சாட்சியம்மாவுக்கு அது மனப்பாடம்.

முதுமை தொட்ட பின் ஒருநாள், உயில்காரர் தமக்கென ஓர் ஆவணத்தைத் தம் கையாலேயே எழுதி, வெள்ளைத் தாளால் மூடி, என்றும்போல், "சாட்சியம்மா, கொஞ்சம் வாங்க" என்று அழைத்தார். ஒப்பமிடும் இடத்தில் உயில்காரரின் பெயரையே கண்டதும் அம்மையாரின் கை ஒரு நொடி நின்றது.

"என்னம்மா, பேனால மை வரலையா?"

"வருது சார்."

ஒப்பமிட்டுத் தம் இருக்கைக்கு மீண்டார். சட்டம் அறிந்தவர் தம்மைச் சான்றுக்கு அழைத்தாரெனில், அத்தாளில் தமக்கு ஒன்றும் இல்லை என்பது உறுதி. வீட்டையோ பொருளையோ அம்மையார் விரும்பினாரில்லை. ஒரு பழங்குடையையேனும் எனக்கென்று எழுதியிருக்கக் கூடாதா, இத்தனை காலம் இங்கே நான் யாராய் இருந்தேன் என்பதே அவர் கேள்வி. கேட்கவில்லை. கேட்காமலே பல ஆண்டுகள் தட்டச்சுப் பொறியைத் தட்டினார். உயில்காரர் நோயுற்றபோது மருந்து கொண்டுவந்தார். அவர் போனபோது, நினைவுக் கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்தார். மேடையேறியோர் அவர் நேர்மையைப் புகழ்ந்தனர். உறவினரின் கையைப் பற்றி ஆறுதல் கூறினர். சாட்சியம்மாவின் கையை எவரும் பற்றவில்லை. யாரென்று சொல்லிப் பற்றுவார்கள்?

வாயிலில் அடியோசை கேட்டது. மறைந்தவரின் அண்ணன் மகனும், ஆவணத்தைக் காத்துவந்த வழக்கறிஞரும் உள்ளே வந்தனர். அம்மையார் எழுந்து திறவுகோலை நீட்டினார்.

"சாவி அப்புறம் குடுக்கலாம், உட்காருங்கம்மா" என்றார் வழக்கறிஞர். "இதுல ஒரு சிக்கல் இருக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "இக்கட்டடம் முழுவதும் என் அலுவலகத் தட்டச்சருக்கு. ஏனெனில், எனக்கென்று இருந்தவர் அவர் ஒருவரே."

"நீங்க தப்பா படிக்கிறீங்க சார்."

"இல்லம்மா, அப்படித்தான் எழுதியிருக்கார். ஆனா சாட்சிக் கையெழுத்து உங்களோடது. அதனால உங்களுக்குக் குடுத்தது செல்லாது. நெருங்கின சொந்தம்கிறதால கட்டடம் இவருக்குத்தான் போகும்." வழக்கறிஞர் தலையை அசைத்தார். "ஊருக்கே பாடம் சொன்ன மனுஷன். எப்படி இதுல கோட்டை விட்டாருன்னு எனக்குப் புரியவே இல்ல."

சாட்சியம்மாவுக்குப் புரிந்தது. பயன்பெறுபவர் என்றால் வெளியிலிருந்து வருபவர், சான்று என்றால் அடுத்த அறையிலிருந்து எழுந்து வருபவர் என்று ஒரு வாழ்நாள் முழுதும் பழகிய உயில்காரரின் நாக்கு, அன்றும் பழகியபடியே அழைத்துவிட்டது. பிறர் ஆவணத்தில் ஒருகாலும் நுழையவிடாத "ஏன்" என்பதைத் தம் ஆவணத்தில் எழுதியவருக்கு, எழுதிய கையோடு சட்டமும் மறந்துபோயிற்று. அன்று இவராவது, "இதுல நான் இருக்கேனா சார்?" என்று வாய் திறந்திருந்தால், அவர் பதறிப்போய்த் தாளைக் கிழித்துவிட்டுத் தெருவில் போகும் எவரையேனும் சான்றுக்கு அழைத்திருப்பார். இருவரும் நல்ல அழுத்தக்காரர்கள்! என்ன பயன்?

அண்ணன் மகன் நல்லவர். கூச்சத்தோடு, "நான் உங்களுக்கே எழுதிக் குடுத்துடறேம்மா. எனக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

"வேணாம் தம்பி. அப்படிக் குடுத்தா நீங்க வரி கட்டணும். அவர் இருந்தா ரெண்டு பேரையும் திட்டுவார்."

சொல்லிச் சிரித்தவர், சிரிப்பு முடியுமுன்னே முன்றானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் மறைந்த நாளிலும் அழாதவர், அழ உரிமை உண்டோ இல்லையோ என்றஞ்சி அடக்கியவர், அன்று வாய்விட்டு அழுதார். அண்ணன் மகன் அருகே சென்று அவர் கையைப் பற்றிக்கொண்டார். நெடும்பொழுது கழித்து, திறவுகோலை மேசைமேல் வைத்துவிட்டு, இடைக்கதவைக் கடந்து போய், உயில்காரரின் மேசைக்கு எதிரே, வருவோர் அமரும் நாற்காலியில் அம்மையார் முதன்முறையாக அமர்ந்தார்.

"சார், அந்த இடத்தை இன்னொரு தடவ படிங்க."

"அது சட்டப்படி செல்லாதும்மா."

"செல்லாட்டி என்ன சார். படிங்க."

வழக்கறிஞர் படித்தார். வெளியே கூரைநீர் சொட்டுவது நின்றிருந்தது. தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அவருக்கு அந்தச் சொற்கள் போதுமாயிருந்தன. அவற்றைச் சொல்லவேண்டிய குரல்தான் அவ்வறையில் இல்லை. அன்புடையீர், உங்கள் இடைக்கதவுக்கு அப்பாலும் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். எழுதி மூடிவைக்க வேண்டாம். எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள்.