வெள்ளைச் சீலை கட்டிய வீடு

ஆளில்லாத வீட்டைக் காவல் காப்பதைவிட ஆறு குமர்ப்பெண்களைக் காவல் காப்பது லேசு. இது பழமொழி இல்லை, சுஹறாவாகிய நான் சொல்வது. பட்டவள் சொல்கிறேன்.

சாய்ந்தமருதில் எங்களுக்கு இருந்த வளவு நிலம் ஒரு பாயை விரித்தால் மூடிவிடும். அதற்குள் என் மூத்த மகள் ஜுனைதாவுக்கு வீடு கட்ட முடியாது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். வீடில்லாத பெண்ணுக்கு எவ்வளவு அழகிருந்தாலும் கேட்டு வர ஆளில்லை. அதனால் வாப்பா எனக்கு எழுதிவைத்த காணியில் கட்டினோம். அது வீரமுனைக்கு அப்பால், வயல்களுக்கு நடுவில் தென்னைகளோடு கிடந்த ஒரு மேட்டுத்துண்டு. என் கணவர் றவூப் சவூதிக்குப் போய், அந்த வெயிலில் லொறி ஓட்டி அனுப்பிய காசெல்லாம் அங்கே கல்லாகவும் ஓடாகவும் ஏறி நின்றது.

சூறாவளி அடித்த அடுத்த வருஷம் வீடு முடிந்தது. மாப்பிள்ளை சம்மாந்துறைப் பிள்ளை, நெல் ஆலையில் வேலை. வயலில் நெல் வெட்டு முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அதற்கு முன் மாப்பிள்ளையின் தாய் ஆமினா உம்மா வந்து வீட்டைப் பார்ப்பார், பார்த்துப் பிடித்தால்தான் நாள் வைப்பார். அதுவரை வீடு பூட்டித்தான் கிடக்க வேண்டும். கல்யாணமாகாத குமரை அங்கே தனியே விட முடியுமா? பள்ளிக்கூடம் போகிற சின்னப் பிள்ளைகள் இரண்டையும் போட்டுவிட்டு வயலுக்கு நடுவில் நான்தான் போய்க் குந்த முடியுமா? வாரத்தில் இரண்டு தடவை கல்முனை பஸ்ஸில் ஏறிப் போய், வாய்க்கால் கட்டு வழியே நடந்து, வளவைக் கூட்டிவிட்டு வருவேன்.

முதலில் தேங்காய் போனது. போகட்டும் என்று விட்டேன். பிறகு கிணற்று வாளி கயிற்றோடு போனது. புதுசு வாங்கிப் போட்டேன். ஒரு நாள் போய்ப் பார்த்தால், வழியைப் பார்த்த அறையின் சன்னல் கதவுகள் இரண்டும் இல்லை. முதிரைப் பலகையில் செய்த கதவுகள். ஜுனைதாவின் அறை அது. அவசரப்பட்டு உடைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. விருந்துக்கு வந்தவன் மாதிரி ஆற அமர இருந்து, பிணைச்சல்களின் ஆணியை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு கீறல் படாமல் கொண்டுபோயிருந்தான்.

முற்றத்தில் நின்று அவனுடைய ஏழு தலைமுறையையும் திட்டினேன். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வயலிலிருந்து சின்னப்போடி வந்துவிட்டார். வீரமுனைத் தமிழ் ஆள். என் வாப்பா காலத்திலிருந்தே எல்லைக்காரர்.

“என்னகா தங்கச்சி, ஆரு செத்த?”

“சாகப்போறான் ஒருத்தன். அவன்ட கை அழுகத்தான் போகுது. சன்னலைப் பாருங்க அண்ணன்.”

அவர் சன்னலைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார்.

“நான் ஒரு நாய்க்குட்டி தாறன். வாசல்ல கட்டிப் போடுங்க. பூச்சி புழுவும் வராது.”

“எங்கட ஆக்கள் வீட்டோட நாய் வளக்கிறல்ல எண்டு தெரியாதா? நாய் இரிக்கிற வீட்டுக்குள்ள வானத்து மலக்குமார் வரமாட்டாங்க.”

“மலக்கு வராட்டியும் பரவால்ல, கள்ளனும் வரமாட்டான்தானே.”

சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைக்குச் சிரிக்கிற மனநிலை எனக்கு இல்லை. ஆமினா உம்மா அடுத்த மாதப் பிறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கல்முனையில் தச்சனைப் போய்ப் பார்த்தேன். சூறாவளிக்குப் பிறகு ஊரெல்லாம் கதவும் கூரையுமாகச் செய்விக்கிறார்கள், முதிரைப் பலகை இப்போதைக்குக் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டான். சன்னலில்லாத அறையைக் காட்டி என் பிள்ளைக்கு மாப்பிள்ளை கேட்பதா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வௌவாலும் மழையும் உள்ளே போகாமலிருக்க ஏதாவது கட்ட வேண்டும். பெட்டியில் மருதமுனை வெள்ளைத் துணி ஒரு துண்டு கிடந்தது. அதைக் கொண்டுபோய்ச் சன்னலில் இழுத்துக் கட்டினேன். வீட்டில் ஆளிருப்பது போலத் தெரியட்டும் என்று முற்றத்துக் கொடியில் ஒரு சீலையும் காயப்போட்டேன். நிறச்சீலையைப் போட்டால் அதையும் சுருட்டிக்கொண்டு போய்விடுவான். பழைய வெள்ளைச் சீலையை எவன் எடுப்பான்? அப்படி நினைத்துத்தான் போட்டேன், வேறொன்றும் நினைக்கவில்லை.

அடுத்த முறை போனபோது வாய்க்கால் கட்டில் ஏதோ மாறியிருந்தது. சைக்கிளில் வந்த இரண்டு பேர் என் வளவுக்குக் கிட்ட வந்ததும் இறங்கி, கதையை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு உருட்டிப் போனார்கள். பின்வாசலில், வாய்க்காலுக்கு அங்கால் இருக்கிற ஆயிஷா உம்மா மூடிய கோப்பையோடு நின்றார்.

“சுஹறா, ஆரு புள்ள இத்தா இரிக்கிற?” என்று காதோடு கேட்டார்.

எனக்கு விளங்கச் சற்று நேரமெடுத்தது. எங்களில் கணவன் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் அறைக்குள் இருப்பாள். அதுதான் இத்தா. வாசலிலும் சன்னலிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்தால் எந்த ஆணும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பமாட்டான். நான் சன்னலைப் பார்த்தேன். கொடியில் ஆடிய சீலையைப் பார்த்தேன். யா அல்லாஹ், நானே கட்டிவிட்டேனே!

“அப்படி ஒருத்தரும் இல்ல” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது தென்னை கண்ணில் பட்டது. குலை குலையாக ஒரு காய் குறையாமல் தொங்கியது. கிணற்றில் வாளியும் கயிறும் வைத்தது வைத்தபடி கிடந்தன.

“பொத்துவில் மாமி” என்றேன். “மிச்ச நாளைக் கழிக்க வந்திரிக்கா.”

“முன்கதவுல வெளியால பூட்டுக் கிடக்கே?”

“ஆம்புளையள் வந்து தட்டினா? அதுக்குத்தான். பின்னால திறப்பம்.”

ஆயிஷா உம்மா, நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கோப்பையை என் கையில் தந்தார். பிறகென்ன, போகும்போதெல்லாம் ஏதாவது வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் விரால் மீன் ஆணம். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஜுனைதா தொடமாட்டாள்.

“இல்லாத ஆளுக்கு வந்த சோத்தத் தின்னுறீங்களேம்மா, வயித்துக்கு ஒத்துக்குமா?”

“மாமிக்குப் பசியில்லயாம். நீ தின்னு கிளி.”

அவள் முறைத்தாள். எனக்கும் உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் பிறை நெருங்கிக்கொண்டிருந்தது, சன்னலில் துணிதான் ஆடிக்கொண்டிருந்தது. உறுத்தலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஒரு காலை வளவுக்குள் காலை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். சன்னலில் கதவுகள் இருந்தன. அதே முதிரைக் கதவுகள், அதே பிணைச்சல்கள். துடைத்து எண்ணெய் பூசியிருந்தது. பூட்டாமல் மெல்லச் சாத்தி வைத்திருந்தது. ஓடிப்போய்ப் பின்வாசலால் அறைக்குள் புகுந்து பார்த்தேன். முன்பிருந்த கம்பிக் கொளுக்கி இல்லை. கத்தி நுனியை விட்டு வெளியாலிருந்தே தூக்கக்கூடிய கொளுக்கி அது. அந்த இடத்தில் கைமொத்தத்தில் ஒரு மரத்தாழ்ப்பாள். உள்ளே இருக்கிறவர் திருப்பினால் வெளியே நிற்கிறவன் ஒன்றும் செய்ய ஏலாது.

கதவை யார் கொண்டுவந்தது என்று கேட்கச் சின்னப்போடியின் வயலுக்கு ஓடினேன்.

“அந்தா, வாய்க்கால் வளைவில தெரியுதே, கலந்தர்ட குடில்” என்றார் அவர். “நேத்துப் பின்னேரம் அசர் பாங்கோட ரெண்டு பலகையையும் தலையில வெச்சிக் கொண்டுவந்தான். மூஞ்சை அங்கால திருப்பிக்கொண்டுதான் மாட்டினான். உள்ளுக்கு எட்டிக்கூடப் பாக்கல்ல.”

“நீங்க புடிக்காமப் பாத்துக்கொண்டா நிண்ட?”

“களவெடுக்கிறவன்ட கையப் புடிக்கலாம் தங்கச்சி. திருப்பிக் குடுக்கிறவன்ட கைய என்னெண்டு புடிக்கிற?”

அது அவருடைய ஞாயம். என் ஞாயம் வேறு. கதவு வந்துவிட்டது என்பதற்காக நான் அழுத அழுகை இல்லையென்று ஆகிவிடுமா? அந்தக் கலந்தரை என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்ந்திருந்தன.

குடில் என்றால் நாலு கம்பும் கிடுகும்தான். வழியைப் பார்த்து ஒரு சன்னல் பொந்து. அதன் கம்பில் பிணைச்சல் இருந்த அடையாளம் புதிதாகத் தெரிந்தது. இப்போது அங்கே ஒரு கிழிந்த சாக்குத் தொங்கியது. காற்றுக்கு அது தூக்கித் தூக்கி விழுந்தது. உள்ளே ஒரு பச்சைப் பிள்ளை அழுதது.

வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் எழும்பினான். முப்பது வயதிருக்கும், வயலில் கூலிக்கு நிற்கிற ஆள். நான் யாரென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஓடவில்லை.

“ராத்தா, நான்தான் எடுத்த. தேங்காய்க்கும் வாளிக்கும் நானில்ல, அல்லாஹ் அறிவான். கதவு ரெண்டும் நான்தான்.”

“ஏன்டாப்பா, என்ட புள்ளட அறைதானா உனக்குக் கண்ணில பட்ட?”

“பொண்டாட்டிக்கு மாசம் நிறஞ்சிட்டு. சூறாவளி பழைய வீட்டக் கொண்டுபோன மறுகா இதுதான். வயல்வட்டைக்குப் போற ஆம்புளையள் எல்லாரும் இந்த வழியாலதான் போறாங்க. புள்ளப்பெத்தவள் எங்க ஒதுங்குற? உங்கட வீட்டில ஆளில்ல. ஆளில்லாத சன்னல் என்னத்த மறைக்கிற எண்டு கழட்டினன்.” அவன் தரையைப் பார்த்தான். “மறுகா அந்த அறையில ஒரு பொம்புள இத்தா இரிக்கா எண்டாங்க. சீலையைக் கட்டிக்கொண்டு இரிக்காவாம். என்ட பொம்புளைய மறைக்கப் போய் இன்னொரு பொம்புளைய வெளியில போட்டுட்டனே எண்டு சோறு இறங்கல்ல ராத்தா.”

சேர்த்து வைத்த வார்த்தைகளை வாசலிலேயே விட்டேன். உள்ளே போனேன். ஓலைப்பாயில் ஹாஜறா என்கிற அந்தப் பெண் படுத்திருந்தாள். ஒரு கையால் பிள்ளையை அணைத்து, மறுகையால் சாக்கின் நுனியைக் காற்றில் தூக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஒரு கிழமைகூட ஆகியிருக்காது.

“நான்தான் கொண்டு குடுக்கச் சொன்னன்” என்றாள். “அந்த மாமிக்கு இப்ப கரைச்சல் இல்லயா? வெளிச்சம் படாம இரிக்காவா?”

மூன்று கிழமையாக இல்லாத மாமிக்கு வந்த கஞ்சியை நான் குடித்துக்கொண்டிருந்தேன். இவளோ இருந்த மறைப்பைக் கழற்றி அந்த மாமிக்கு அனுப்பிவிட்டுச் சாக்கைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். அந்த நேரத்தில் என்னை நினைத்து எனக்கு வெட்கமும் வந்தது, அவளை நினைத்துப் பாசமும் வந்தது.

“மாமிட இத்தா முடிஞ்சிட்டு. ஊருக்குப் போயிட்டா” என்றேன். “அறை சும்மாதான் கிடக்கு. எழும்பு புள்ள. கலந்தர், நீ பாயைச் சுருட்டு.”

“ராத்தா, கலியாண வீடெல்லே அது” என்றான் அவன்.

“கலியாணம் நடக்க வீடு இரிக்க வேணுமே! இரிக்கிற ஆள் இல்லாமத்தானே உன்னப்போல ஆக்கள் வாறீங்க. நடடா.”

பிள்ளையை நானே தூக்கிக்கொண்டேன். வாய்க்கால் கட்டில் நான் முன்னால், ஹாஜறா முக்காட்டை இழுத்துவிட்டு நடுவில், பாயும் சட்டியுமாகக் கலந்தர் பின்னால். சின்னப்போடி வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்ததை நான் காணாதது போல் நடந்தேன்.

ஹாஜறா தன் பிள்ளைப்பேற்று நாற்பது நாளையும் ஜுனைதாவின் அறையில் இருந்தாள். கலந்தர் முன்விறாந்தையில் படுத்தான். பகலில் அடுப்புப் புகை, கொடியில் பிள்ளைத்துணி, நேரங்காலமில்லாமல் பிள்ளையின் அழுகை. அந்த வளவுக்குள் ஒரு காக்கைகூடக் கேட்காமல் வரவில்லை. தென்னையடியில் ஒருத்தன் வந்து நின்றானாம், கலந்தர் அவனை வாய்க்கால் வரை துரத்தினானாம். கள்ளன் வருகிற வழி அவனுக்குத்தானே தெரியும்!

பிறை கண்டு ஆமினா உம்மா வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், ஓட்டை அண்ணாந்து பார்த்தார். அறை வாசலில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு நின்றுவிட்டார். மகனுக்கென்று கட்டிய அறையில் யாரோ பிள்ளை பெற்றவளைப் படுக்க வைத்திருக்கிறாய் என்று திரும்பிப் போய்விட்டால்? உள்ளதை உள்ளபடி சொன்னேன், மாமியை மட்டும் விட்டுவிட்டு.

அவர் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி நெற்றியில் ஊதினார். தாழ்ப்பாளை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

“முதல்ல புள்ள அழுத அறையில என்ட மகன் குடிவாறது அல்லாஹ்ட பறக்கத்துத்தான்” என்றார். “வெட்டு முடிஞ்ச முதல் வெள்ளிக்கு நாளை வைப்பம்.”

கல்யாணத்துக்கு முன் கலந்தருக்கு வளவு வாசலோரம் குடில் போட இடம் கொடுத்தேன். சவூதியிலிருந்து வந்திறங்கிய றவூப், ‘கள்ளனையா காவலுக்கு வைத்தாய்’ என்று கேட்டார். கதவைப் போய்ப் பாருங்கள் என்றேன். பார்த்துவிட்டு வந்து, குடிலுக்குப் பலகைச் சன்னல் ஒன்று தன் செலவில் செய்யச் சொன்னார்.

கல்யாணத்தன்று பந்தலில் ஆயிஷா உம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாரும் வந்திரிக்காங்க. பொத்துவில் மாமி எங்க சுஹறா? அவக்கு நான் எத்தின கோப்பை கஞ்சி தந்த!”

நான் பந்தலைப் பார்ப்பது போலத் திரும்பினேன். பக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஹாஜறாதான் பதில் சொன்னாள். அந்த அறையில் நாற்பது நாள் இருந்தவள். இத்தா இருந்த ஒரு பெண்ணின் தலைமயிர்கூட அங்கே கிடக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

“அவ வரல்ல உம்மா. ஆனா மாமிட துணியத்தான் நாங்க உடுத்திரிக்கம்.”

பிள்ளையைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள். சன்னலில் நான் கட்டிய மருதமுனை வெள்ளைத் துணி, கழுத்துக்கு நீல நூல் வைத்துத் தைத்த சின்னச் சட்டையாக அதன் மேல் இருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணீரோடு.

பின்னேரம் எல்லாரும் போன பிறகு நானும் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது ஜுனைதா சன்னலைச் சாத்துவது கேட்டது. பிறகு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் திரும்பியது. அன்றைக்குத்தான் அந்த வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.