சம்மதம் கேட்க வந்தவர்கள்

"பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டு வார்த்தை எதுக்குடி? இந்த வாயாலதான் வந்த மாப்புள்ள திரும்பிப் போகப் பாத்தாரு!" என்று கத்திக்கொண்டே, நபீசா தன் மகள் நௌஷினின் கதைப் புத்தகங்களைச் சாக்கில் திணித்தாள். விடிந்தால் நிக்காஹ்.

புத்தகம் என்ன பாவம் செய்தது? நூலகத்து நாவலோ, செல்போனில் கொரியத் தொடரோ, கோர்ட்டு சீன் வரும் சினிமாவோ, புதுச் சொல் ஒன்று அகப்பட்டால் நௌஷின் விடமாட்டாள். வீட்டில் பேசிப் பார்த்துத்தான் அடங்குவாள். தட்டில் மீன் துண்டு சிறிதாக விழுந்தால், "உம்மா, மேல்முறையீடு!" என்பாள். தலத்தெரு ஊரே கேட்டுச் சிரிக்கும். வாப்பா பீர் மைதீனும் சிரித்தவர்தான்.

அந்தச் சிரிப்பு போன வாரம் நின்றது. இந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணத்தோடு பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். அது அவள் பேரிலேயே இருக்கும். நாளைக்கு ஒன்றென்றால் அவளுக்கு அதுதான் போக்கிடம். துபாய் மாப்பிள்ளை நூருல் அமீனோ, வீட்டைத் தன் பேருக்கு எழுதச் சொன்னான். "இதுக்குப் பேரு நிர்ப்பந்தம்ங்க. எனக்கு உடன்பாடு இல்ல" என்று போனிலேயே சொல்லிவிட்டாள் நௌஷின். அவ்வளவுதான்! புஸ்தகம் மாதிரிப் பேசுகிறவள் குடும்பத்துக்கு ஆவாளா என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரே ரகளை. பீர் மைதீன் பதறிப்போய், நிக்காஹ் முடிந்ததும் எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை நௌஷினின் அறைக்குச் சம்மதம் கேட்க வந்தார்கள். தாய்மாமன் ஜவஹர் அலி, கூடவே சாட்சிகள் இரண்டு பேர். பெண்ணைக் கேள் என்கிறது மார்க்கம். நம்மவர்களும் கேட்பார்கள், பதிலுக்குத்தான் காத்திருக்க மாட்டார்கள். பெண் தலையைக் குனிவாள், பக்கத்திலிருக்கும் ஒருத்தி "சம்மதமாம்" என்பாள், ஆண்கள் எழுந்து போய்விடுவார்கள். நபீசாவுக்கும் அப்படித்தான் நடந்தது.

"நூருல் அமீனக் கட்டிக்கச் சம்மதமாம்மா?" என்று கேட்டார் ஜவஹர் அலி.

நௌஷினுக்குப் படித்த சொற்களெல்லாம் நாக்கு நுனியில் வந்து முட்டின. புரியவில்லை என்று யாரும் சொல்லித் தப்பிவிடக் கூடாதே என்று, இருப்பதிலேயே சின்னதை எடுத்தாள்.

"இல்ல, மாமா."

பீர் மைதீனின் அக்கா நுஸ்ரத் சட்டென்று சிரித்தாள். "புள்ளைக்கு வெக்கம். சம்மதம்னு போய்ச் சொல்லுங்க."

ஜவஹர் அலி அப்பாடா என்று எழுந்தார். சாட்சிகளும் எழுந்தார்கள். அடப்பாவிகளா, 'இல்லை' என்பதற்குக்கூடவா அகராதி வேண்டும்?

நௌஷின் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றாள். அவளைப் பிடித்து இழுக்க வந்த நபீசா, என்ன நினைத்தாளோ, பாதியில் நின்றுவிட்டாள்.

"நான் சொன்னத அப்படியே போய்ச் சொல்லுங்க, மாமா. உங்க வார்த்தையப் போடாதீங்க."