எட்டுத் தூண் வீடு

2001 மார்கழி மழையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தின் பின்சுவர் சரிந்தது. போக்கிடம் இல்லாமல் பங்களாத் தோட்டத்து சமர் ஹவுஸில் குடியேறினோம். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி பெரகலப் பள்ளத்தைப் பார்ப்பதற்காகக் கட்டியது. எட்டுத் தூண், தகரக் கூரை, சுவரே கிடையாது. காற்று வாங்கவும் காசு செலவழிப்பார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் மாடசாமி தேயிலைப் பெட்டிப் பலகைகளால் தூண்களுக்கு இடையே அடைத்தார். நான் மண்ணும் சாணியும் பூசினேன். அதன் பிறகுதான் கைப்பிள்ளைக்கு மார்ச்சளி விட்டது.

பிறகு போர்நிறுத்தம் ஆகிச் சமாதானம் வந்தது. பங்களா ஓட்டலாகப் போகிறது என்றார்கள். அங்குள்ள கட்டடங்களைப் பதிய பதுளையிலிருந்து அதிகாரி தர்மராசா ஐயா வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், நல்ல மாதிரி.

"இது எப்ப கட்டினதெண்டு தெரியுமோ?" என்று கேட்டார்.

பாட்டனின் பிறப்புத் துண்டு இல்லை என்று பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட சனம் நாங்கள். அதிகாரி பழங்கதை கேட்டால், எவ்வளவு பழசைக் காட்டுகிறோமோ அவ்வளவு உரிமை என்று எங்களுக்கு நினைப்பு. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு தூணடியில் என் பூச்சைச் சுரண்டினார். தூணைத் தாங்கிய கல்லில் 1894 என்று இருந்தது.

"எங்க பூட்டனாரு பண்டாரவளை ஸ்டேசன்ல இருந்து தலைச்சுமையா தூக்கிட்டு வந்த மரங்க ஐயா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் இவர்.

"நல்ல விசயம் சொன்னியள்," என்று ஐயா எழுதிக்கொண்டார்.

வீடு நமக்குத்தான் என்று இவர் அன்றைக்குக் கோழி அடித்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. பழமையான கட்டடமாம், கட்டியபடியே பாதுகாக்க வேண்டுமாம், பின்னால் சேர்த்ததை அகற்ற வேண்டுமாம். பின்னால் சேர்த்தது என் சுவர்கள்.

தர்மராசா ஐயாவிடம் கெஞ்சினேன்.

"பழசெண்டு தெரியாட்டி இதை ஆரும் திரும்பியும் பாத்திருக்க மாட்டினம், தங்கச்சி," என்று தலை குனிந்தார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

பலகைகளைப் பிடுங்கும் வேலையை என் வீட்டுக்காரரிடமே கொடுத்தார்கள். அது முடிந்ததும் காவல்காரன் வேலையும் கொடுத்தார்கள். லயத்து ஆட்கள் யாரும் உள்ளே உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை.

முதல் நாள், ஆட்கணக்கு எடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எந்திரி புள்ள," என்றார். "இங்க யாரும் இருக்கக் கூடாது."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். எங்கே போவதென்று தெரியாமலே வெளியே இறங்கினேன்.