மூன்றாவது வீச்சு

ஈயத்துண்டு மறுபடியும் டயர்காரரின் காலடியிலேயே தொப்பென்று விழுந்தது. விடிந்ததிலிருந்து இது பதினோராவது தடவை.

"லேட்டு" என்று ஜன்னலிலிருந்து குரல் வரவில்லை. நேற்றுவரை வந்தது. இன்று கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்த்திருந்த அவர் மனைவி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். லேட்டு என்றுதான் அர்த்தம். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அதுகூடவா புரியாது. தலையை ஆட்டிவிட்டுத் தூண்டில் ரீலைச் சுற்ற ஆரம்பித்தார்.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவள். குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவாள் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் 'கொசு'. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் போதும், தூண்டில் ராடும் கையுமாக ஏரிக்கரைக்கு மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவாள். மெல்லிசான ராடு, மூன்று விரலால் தூக்கிவிடலாம். டயர்காரர் ஒரே ஒரு முறைதான் கூடப் போனார். அவர் வீசிய முதல் வீச்சில் கொக்கி அவளுடைய தொப்பியில் மாட்டி, தொப்பி ஏரிக்குள் போனது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் தூக்கம்தான் தொழில்.

ஆஸ்பத்திரியில் இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய அன்றே கொசு கேட்டாள்:

"நான் போனப்புறம் ஞாயித்துக்கிழமை என்னங்க பண்ணுவீங்க?"

"தூங்குவேன்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

மறுநாள் நிபந்தனை வந்தது. கொல்லையில் துணி அலசும் அலுமினிய பேசினை வைக்க வேண்டும். அங்கிருந்து இருபத்தைந்து அடி தள்ளி நின்று வீச வேண்டும். அவள் பார்க்க, மூன்று தடவை ஈயம் பேசினுக்குள் விழ வேண்டும். விழுந்தால் ராடு அவருக்கு. இல்லாவிட்டால் தம்பிக்கு. தம்பி என்றால் அவளுடைய கடைக்குட்டித் தம்பி. ஒருமுறை இதே ராடின் நுனியில் துணி கட்டி ஒட்டடை அடித்த மகானுபாவன். அவன் கைக்குப் போவதற்குப் பதில் அடுப்பில் போட்டுவிடலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான்.

"மூணு தடவைதானே" என்று டயர்காரர் மீசையை நீவினார். கனமாக இருந்தால் தூரம் போகும் என்று தன் டயர் கடையிலிருந்து லாரி சக்கரத்துக்கு பேலன்ஸ் பார்க்கிற நாற்பது கிராம் ஈயத்தைக் கொண்டுவந்து கட்டி, நட்டு முறுக்குகிற தோள்பலம் முழுவதையும் போட்டு விளாசினார். ராடு முறிகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. படுத்திருந்தவள் அலறிவிட்டாள்.

"ஐயோ, இது லாரி இல்லீங்க! அஞ்சு கிராம் கட்டுங்க. பலத்தைப் போடாதீங்க. ராடு தானா வளையும், தானா தள்ளும். நீங்க மணிக்கட்டால ஒரு சொடுக்கு சொடுக்கிட்டு, நேரம் பாத்து விரலை எடுத்தா போதும்."

அந்த நேரம்தான் பதினாறு நாளாகப் பிடிபடவில்லை. ரீலின் கம்பி வளையத்தைத் திறந்து, நூலை ஆள்காட்டி விரல் நுனியில் மாட்டி, ராடைத் தோளுக்குப் பின்னால் சாய்த்து, முன்னால் ஒரு சொடுக்கு. ராடு தலையைத் தாண்டி நெற்றிக்கு முன்னால் வருகிற கணத்தில் விரல் நூலை விட்டுவிட வேண்டும். முந்தினால் ஈயம் வானத்துக்குப் போகும். பிந்தினால் காலடிக்கு வரும். அவருடையது எப்போதும் பிந்தும் ரகம். கடைசியில் கொசுவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் வீசும்போது, விட வேண்டிய கணத்தில் அவள் தன் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டுவாள். அதைக் கடைக்கண்ணால் பார்த்து அவர் விட வேண்டும். அப்படித்தான் ஈயம் பேசினை நெருங்க ஆரம்பித்தது. நேற்று விளிம்பில் பட்டுத் தெறித்துக்கூட விழுந்தது. விளிம்பு சேராது என்று சொல்லிவிட்டாள்.

தினமும் வருகிற நர்ஸ் இன்று காலையில் நாடியைப் பார்த்துவிட்டு அவரை வாசல்வரை கூட்டிப்போய், "வரவேண்டியவங்களுக்கு எல்லாம் சொல்லிடுங்க" என்றாள். சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு ராடை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்துவிட்டார்.

பன்னிரண்டாவது வீச்சு மதில்மேல் போய் உட்கார்ந்தது. அதை இழுத்துக்கொண்டிருந்தபோது கொல்லைக் கதவு திறந்தது. முன்தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டியிருந்ததால் எல்லோருக்கும் அதுதான் வழி. வந்தவள் கொசுவின் அக்கா. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. கால் மணி தாமதமாக வந்த வாத்தியாருக்கு முழு நாள் வருகை போட மாட்டேன் என்று சங்கத்தோடு மல்லுக்கு நின்றவள்.

"என்னங்க இது? உள்ள அவ மூச்சுக்குத் திணறிக்கிட்டு இருக்கா. நீங்க இங்க தூண்டில வெச்சு விளையாடிக்கிட்டு இருக்கீங்க!"

"விளையாடலக்கா."

"பின்ன?"

"பரீட்சை."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். துக்கத்தில் மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பாள். விறுவிறுவென்று உள்ளே போய்த் தங்கையின் நெற்றியைத் தடவினாள். பிறகு ஜன்னல் கதவைச் சாத்தக் கை நீட்டினாள்.

"வேணாம்" என்றாள் கொசு. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை. "விரலு... அவருக்குத் தெரியணும்."

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நர்ஸ்தான் மெதுவாக விவரம் சொன்னாள். கேட்கக் கேட்க அக்காவின் முகத்தில் கோபம் வந்தது, போனது, அப்புறம் என்னவென்று சொல்ல முடியாத ஒன்று வந்து நின்றது. முந்தானையை இடுப்பில் செருகினாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தங்கையின் கையைத் தூக்கி ஜன்னல் கட்டையில் வைத்து, மணிக்கட்டின் அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ம், வீசுங்க" என்று வகுப்பறைக் குரலில் உத்தரவு போட்டாள்.

வீசினார். விரல் எழுந்தது, விட்டார். ஈயம் ஒரு தட்டை வளைவாகப் போய் பேசினுக்குள் டங்கென்று விழுந்தது.

டயர்காரர் குதிக்கவில்லை. ரீலைச் சுற்றினார். அடுத்த நான்கும் அங்கும் இங்கும் போயின. ஐந்தாவது டங்கென்றது. ஜன்னலில் அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிக்கிறாள்.

அவருக்கு இனி தாங்காது போலிருந்தது. ராடைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும், அந்தக் கையை அக்காவிடமிருந்து வாங்கித் தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜன்னலருகே போனார்.

"போதும்மா. ரெண்டு விழுந்துடுச்சு. நான் உள்ள வந்துடறேன்."

அவள் தலையை அசைத்தாள். வேண்டாம் என்றுதான் அசைத்தாள்.

"இன்னும் ஒண்ணு."

அதற்குமேல் அவளோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. திரும்பி இருபத்தைந்து அடியில் போய் நின்றார்.

மூன்று வீச்சு வீணாயிற்று. ஒன்று துணிக்கொடியில் சுற்றிக்கொண்டது. பொறுமையாகப் பிரித்தெடுத்தார். காற்று அடங்கும்வரை நின்றார். வளையத்தைத் திறந்தார். நூல் விரல் நுனியில் ஏறியது. ராடு தோளுக்குப் பின்னால் போய், வளைந்து, முன்னால் வந்தது.

விட்டார்.

விட்டது அவரேதான். ஈயம் பாதி தூரம் போனபிறகுதான் ஜன்னலில் விரல் எழுந்தது. கொசுவின் விரல் ஒரு நாளும் பிந்தியதில்லை.

டங்.

பேசின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ராடைக் கொடிக்கம்பத்தில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். நர்ஸ் அவள் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா தங்கையின் கையை இன்னும் ஜன்னல் கட்டையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டைவிரல் தங்கையின் ஆள்காட்டி விரலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தது.

"பாத்தாளா?" என்றார் டயர்காரர்.

"பாத்தா" என்றாள் அக்கா.

அவர் மறுபடி கேட்கவில்லை. அந்தக் கையை மெதுவாக வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். இன்னும் சூடு இருந்தது. ஊசி பிடித்துக் காய்த்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அழுகை வந்தபோது அதை அடக்கவும் இல்லை.

கடைக்குட்டித் தம்பி வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. தாமதமாகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நல்ல பிள்ளைதான், ஒட்டடை விஷயம் தவிர. அழுது ஓய்ந்து, முகம் கழுவக் கொல்லைக்குப் போனவன் அங்கேயே நின்றான். கம்பத்தில் சாய்ந்திருந்த ராடிலிருந்து பேசின்வரைக்கும் முழங்கால் உயரத்துக்குக் கீழே நூல் தொங்கிக் கிடந்தது.

"மாமா, வர்றவங்க காலைத் தடுக்கும். நான் சுத்தி எடுத்து வெச்சிடறேன். ராடு எனக்குத்தான்னு சின்னக்கா போன்ல சொல்லிக்கிட்டு இருந்தா..."

"தொடாதே" என்றாள் பெரியக்கா கொல்லைப் படியிலிருந்து. "மூணும் விழுந்துடுச்சு. நான் பாத்தேன்."

டயர்காரர் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காரர்கள் நாலைந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள். அக்கா படியிறங்கிப் போய் நூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"பாத்து வாங்க, கீழ நூல் இருக்கு."

வந்தவர்கள் எதற்கென்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருவராகக் காலைத் தூக்கி வைத்து நூலைத் தாண்டி உள்ளே வந்தார்கள்.