ஒரே ஆட்டின் வாய்

1

இந்தக் கதையைத் தங்கையின் நோட்டிலிருந்து எடுத்தேன். அது அவளுக்குத் தெரியும். (எழுது என்று சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம்.)

மேய்ச்சல் நிலத்தில் ஆட்டின் பின்னால் நடந்து, எந்தப் புல்லை எத்தனை கடி கடிக்கிறது என்று எண்ணுவது அவள் வேலை. அறிக்கை போனதும் அந்த மேய்ச்சல் சரிவு முழுவதையும் உழுது, அதிகம் கடிபட்ட புல்லை மட்டும் விதைப்பார்கள்.

2

'காலை வெயிலில் புல்வெளி பொன்னாக மின்ன...'

வேண்டாம். நோட்டில் வெயிலே இல்லை. 'மெல்லிய புல் 61. முரட்டுப்புல் 4.' ஆறு மாதமும் ஏறக்குறைய இதேதான்.

போன வாரம் ஆட்டுக்கார அக்கா கேட்டாராம்: "ஏம்மா, தினமும் இவளையே சுத்துறியே, மத்ததெல்லாம் உனக்கு ஆடா தெரியலையா?"

"மத்தது கிட்ட போனாலே ஓடுதுக்கா. இது ஒண்ணுதான் நிக்குது."

"நிக்காம? தாய் செத்து, புட்டிப்பால் குடிச்சு என் கட்டிலுக்கடியில வளந்தவ. பஞ்சு மாதிரி இருந்தாத்தான் மகாராணி வாய் வைப்பா. மத்ததுங்க கோடையில அந்த முரட்டுப்புல்லத் தின்னுதான் உசுரோட இருக்கு. அதை உழுதுட்டா இத்தனையையும் ஓட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

முதல் பிரதியில் தங்கையை இங்கே அழவைத்திருந்தேன். படித்துவிட்டு, "நான் எப்ப அழுதேன்? பேனா மூடி விழுந்துருச்சு, தேடிக்கிட்டிருந்தேன்" என்றாள். மாற்றிவிட்டேன்.

3

அக்காவின் மேல் எனக்குச் சந்தேகம். கதைக்கு வசதியாக எல்லாம் தெரிந்தவராக வந்து நிற்கிறார். மழைக்காலத்தில் அந்த ஆடுகள் எதைத் தின்னும் என்று தங்கை கேட்டிருக்கிறாள்.

"அப்ப நான் குடைக்குள்ள இருப்பேன். யாரு பாத்தா?"

இப்போது நம்புகிறேன்.

4

ஒரு முடிவு: உண்மையை எழுதுகிறாள். ஆறு மாத உழைப்பு குப்பைக்குப் போகிறது, வேலையும் அநேகமாகப் போகிறது. இன்னொன்று: எழுதவில்லை. டிராக்டர் சரிவில் ஏறுகிறது, அடுத்த கோடையில் அக்கா...

(அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

அறிக்கைப் படிவத்தில் 'கவனித்த ஆடுகளின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவே, அந்தக் கட்டம் மட்டும் காலியாக, படிவம் கிடக்கிறது. பேனாவை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் திருப்பித் தள்ளினாள்.

"நீதானேண்ணா எழுதுறவன். நீயே போடு."

நான் உங்கள் பக்கம் தள்ளுகிறேன். மூடி இன்னும் கிடைக்கவில்லை. மை காய்வதற்குள் ஓர் எண்ணைப் போடுங்கள்.